உங்களுக்குத் தெரியுமா?

மனிதரும் குரங்குகளும் அடங்கிய பிரைமேட் வரிசையில், ஏறக்குறைய முழுசாகக் கிடைத்த மிகப் பழைய எலும்புக்கூடு, கோழிமுட்டையைவிட எடை குறைந்த ஒரு பிராணியுடையது!

• பெயர் ஆர்கிசீபஸ் அகிலீஸ். வயது சுமார் 5.5 கோடி ஆண்டு. எடை 20–30 கிராம். உடல் 7 செ.மீ., வாலோ 13 செ.மீ.!

• சீனாவின் ஹூபே மாகாணத்தில், பழைய ஏரிப்படிவுப் பாறை பிளந்தபோது கிடைத்தது. எலும்புகள் பாதி ஒரு பலகையில், மீதி மற்றதில். உடைக்காமலே பார்க்க, பிரான்ஸின் கிரனோபிளில் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிர்களால் படமெடுத்தார்கள். ஆய்வு 2013-இல் வெளியானது.

• உண்மையான அதிசயம் பாதத்தில்தான். பிராணி, டார்சியர் என்ற சிறு பிரைமேட்டின் கிளையைச் சேர்ந்தது. குதிகால் எலும்போ குரங்கினுடையதைப் போலிருக்கிறது. டார்சியர் கிளையும், குரங்குகளும் மனிதரும் அடங்கிய நம் கிளையும் அவ்வளவு முன்பே பிரிந்துவிட்டன என்பதற்கு இது அருமையான சாட்சி.