நட்டு டைட்டா பாஸ்?

ஏலாக்குறிச்சி பக்கம் பைக் இல்லைன்னா கை ஒடிஞ்ச மாதிரி. திருமானூரோ, அரியலூரோ, எல்லாத்துக்கும் அதுதான். ஞாயித்துக்கிழமை ஆனா ஸ்பேனரும் கையுமா நாமே மெக்கானிக்! தப்பில்லை பாஸ். ஆனா, முடிச்ச வேலையை இன்னொரு தடவை பார்த்தீங்களா?

செயினையே எடுத்துக்கங்க. லூஸா இருக்குன்னு பின் வீலைப் பின்னாடி தள்ளுவீங்க. டிரம் பிரேக் வண்டின்னா, கூடவே பிரேக் ராடும் இழுபடும். அதைச் சரிபண்ணலைன்னா பிரேக் பிடிச்சபடியே ஓடி, டிரம் கொதிக்கும். ஆக்ஸில் நட்டை மறந்தா... வேணாம், சொல்லலை!

பெரிய ஆளுங்களும் இதுல மாட்டியிருக்காங்க. 1990 ஜூன் 10. பர்மிங்ஹாமில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். 17,000 அடிக்கு மேலே காக்பிட் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போக, பைலட்டின் பாதி உடம்பு வெளியே! ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, கோ-பைலட் சவுதாம்ப்டனில் இறக்கினார். பைலட் பிழைத்தார். அது அப்போதுதான் மாற்றிய கண்ணாடி. 90 போல்ட்டில் 84-க்கு விட்டம் குறைவு, வெறும் 0.66 மி.மீ! மாற்றிய ஷிஃப்ட் மேனேஜர், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டே புதுசை எடுத்திருந்தார். பழசே தப்பு சைஸ். வேறு யாரும் செக் பண்ணவும் இல்லை.

(சின்னக் கோடுதானேன்னு நினைக்காதீங்க. எ, ஏ குழப்பத்தைத் தீர்த்தவர்னு பேர் வாங்கின வீரமாமுனிவர் இருந்த ஊருங்க இது!)

கோடுன்னதும் ஒரு ஐடியா. நட்டை டைட் பண்ணினதும் நட்டுலயும் பக்கத்து இரும்புலயும் சேர்ந்தாப்ல நெயில் பாலிஷால ஒரு கோடு போடுங்க. அப்புறம் கோடு விலகியிருந்தா, நட்டு சுத்தியிருக்கு. தங்கச்சியோட பாலிஷைச் சுடுறது உங்க சாமர்த்தியம்!