வீட்டுத் திரைக்கு ஒரு மூக்குக் கண்ணாடி

டியூப் லைட் எரியும் ஜவுளிக் கடையில் எடுத்த புடவையை, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்காத பெண்மணி உண்டா? கடைக்காரர் அரக்கு என்று சத்தியம் செய்வார். வெயிலில் பிரித்தால்தான் அரக்கா, பாக்குக் கலரா என்பது தெரியும். புடவைக்கு இத்தனை சாமர்த்தியம் காட்டுகிற நாம், கூடத்தில் மாட்டியிருக்கும் புரொஜெக்டருக்கு மட்டும் ஏனோ காட்டுவதில்லை. கதாநாயகியின் குங்குமம் காப்பிப் பொடி நிறத்தில் தெரிந்தாலும், "படமே அப்படித்தான் எடுத்திருப்பான்" என்று சும்மா இருந்துவிடுகிறோம்.

படத்தின்மேல் குற்றமில்லை. ஜவுளிக் கடையில் கண்ணை ஏமாற்றிய அதே ஆசாமிதான் இங்கேயும் வேலை செய்கிறான். அவன் பெயர் பாதரசம்! டியூப் லைட்டுக்குள் இருப்பது பாதரச ஆவி. 1995-ல் பிலிப்ஸ் கம்பெனியார் கொண்டுவந்த உயர் அழுத்த விளக்கிலும் அதேதான். இன்றும் எத்தனையோ வீட்டுப் புரொஜெக்டர்களில் எரிவது அந்த ஜாதி விளக்குத்தான். பாதரச வெளிச்சத்தில் பச்சை தாராளம், நீலமும் மஞ்சளும் உண்டு, சிவப்பு மட்டும் பஞ்சம். நம் கண்ணோ பச்சையைத்தான் அதிகப் பிரகாசமாக உணரும். ஆகையால் பெட்டியின்மேல் பெரிய லூமென் கணக்கை அச்சடிக்க விரும்பும் கம்பெனிகள், 'பிரைட்', 'டைனமிக்' என்ற நிலைகளில் பச்சையைக் கட்டவிழ்த்து விட்டுவிடுகின்றன.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், தன் பெற்றோரின் அறுபதாம் கல்யாண வீடியோவை வீட்டுச் சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். தாயார் காலமாகிவிட்டார், அசைந்து பேசுகிற தாயார் இனி அந்தப் படத்தில்தான். திரையில் முகம் வந்ததும், "நிறுத்துங்கள்! ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த முகம் மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். கணவர் மெனுவைத் திறந்து 'சினிமா' என்ற நிலைக்கு மாற்றினார. முகத்தில் ரத்த ஓட்டம் வந்தது. ஆனால் கறுப்புத் தலைமயிர் சாம்பல் பூத்துவிட்டது. மெஷினையே மாற்றிவிடலாம் என்று வீட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மெனுவில் பச்சையைக் குறைத்தால் கறுப்பு ஏன் வெளுக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? ஜன்னல் கதவு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். என்னதான் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஜன்னல்களும் அப்படியே. முழுக்கத் திறந்தால் பச்சை 1,000 பங்கு, சாத்தினால் 1 பங்கு கசிவு என்று வைத்துக் கொள்வோம். மெனுவில் பச்சையைப் பாதியாக்கினால், ஜன்னல் பாதிதான் திறக்கும். 500 பங்கு வரும். கசிவோ அதே 1 பங்கு. ஆயிரத்துக்கு ஒன்று என்றிருந்த வித்தியாசம் ஐந்நூறுக்கு ஒன்றாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஜன்னலுக்கு வெளியே ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டால்? 1,000 என்பது 500 ஆகும். கசிவும் அரைப் பங்காகும். வித்தியாசம் குறையவே குறையாது. லென்ஸுக்கு முன்னால் வைக்கும் வர்ணக் கண்ணாடி, அதாவது பில்டர், செய்கிற வேலை இவ்வளவுதான்.

இந்த வைத்தியம் புகைப்படக்காரர்களிடமிருந்து வந்தது. வெயிலுக்கென்று செய்த பிலிமில் டியூப் லைட்டின் கீழே படமெடுத்தால், கல்யாணப் பெண் பச்சையடித்துத் தெரிவாள். அதற்காக 'எப்.எல்.டி.' என்று ஒரு கத்திரிப்பூ கலந்த ரோஜா நிறக் கண்ணாடியை வைத்துக் கொண்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டு சினிமாப் பிரியர்கள் அதை எடுத்துப் புரொஜெக்டர் முன்னால் பிடித்துப் பார்த்தார்கள், பலித்துவிட்டது. பச்சை மட்டும் தூக்கலாக இருந்தால் இது போதும். பச்சை, நீலம் இரண்டுமே அதிகமென்றால் 'சி.சி. 30 ஆர்' என்ற வெளிர் சிவப்புக் கண்ணாடி நல்லது. அது அந்த இரண்டையும் ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டு, சிவப்பை அப்படியே விட்டுவிடும்.

வாங்கப் போகும்போது ஜாக்கிரதை. "புரொஜெக்டர் பில்டர்" என்று கேட்டால், தூசி தடுக்கிற காற்று வலையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்! காமிராச் சாமான் கடையில் "லென்ஸ் பில்டர்" என்று கேளுங்கள். 58, 67, 77 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. லென்ஸின் குறுக்களவை முன்னதாகவே அளந்து கொண்டு, அதைவிடப் பெரிதாக வாங்குங்கள். அநேகப் புரொஜெக்டர்களில் அதைத் திருகி மாட்ட மரை கிடையாது. தடித்த அட்டையில் ஒரு தாங்கி செய்து முன்னால் நிறுத்தினால் போதும். காற்றுத் துவாரத்தை மட்டும் மறைத்துவிடக் கூடாது. கண்ணாடியின் எதிரொளியால் திரையில் நிழல் பிம்பம் விழுந்தால், ஒரு நூல் சாய்த்து வையுங்கள்.

நாடக மேடை விளக்குகளுக்குப் போடும் வர்ண ஜிலேட்டின் தாளைக் கத்தரித்து ஒட்டலாமே என்று சிக்கனக்காரர்களுக்குத் தோன்றும். வேண்டாம். சூட்டில் சுருங்கும், சாயம் வெளுக்கும். கண்ணாடிதான் சரி. விளக்கு எரியும்போது லென்ஸுக்குள் யாரும் உற்றுப் பார்க்கவும் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

பில்டரை மாட்டியபின் மெஷினைப் பிரகாசமான நிலையிலேயே விட்டுவிட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் போல வர்ணக் கோளாறைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி வேறில்லை. வெள்ளை வேட்டி ரோஜாவாகத் தெரிந்தால் மெனுவில் சிவப்பைச் சற்றுக் குறையுங்கள். பச்சை இன்னும் மிச்சமிருந்தால் அதைக் குறையுங்கள். அதற்கும் முன்னால் சுவரைப் பாருங்கள். சுவருக்கே வெளிர் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தால் பில்டர் என்ன செய்யும்?

அந்த அம்மாள் வீட்டில் 'சி.சி. 30 ஆர்' வந்தது. வீடியோவை மறுபடி போட்டார்கள். தாயாரின் மூக்குத்திச் சிவப்புக் கல் முதல் தடவையாகச் சிவப்பாகத் தெரிந்தது. மகள் முழுவதும் பார்த்தார். நடுவில் எழுந்து போகவில்லை.

வெளிச்சம் குறையாதா என்றால், குறையத்தான் செய்யும். ஆனால் மெனுவில் சரி செய்தாலும் அதே அளவு போயிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. தவிர, பல வீடுகளில் வெளிச்சம் வேண்டியதைவிட அதிகம். தியேட்டருக்கு வைத்திருக்கும் நியதிப்படி, சாதாரண வெண்திரையில் சதுர அடிக்குச் சுமார் 14 லூமென் விழுந்தால் போதும். 7 அடி அகலம், 4 அடி உயரத் திரையில் 2,000 லூமென் மெஷினைத் திருப்பினால் சதுர அடிக்கு 71 விழுகிறது. ஐந்து மடங்கு! இருட்டறையில் கண் கூசாமல் என்ன செய்யும்?

அப்படிப்பட்ட வீட்டுக்கு 'என்.டி. 2' என்ற சாம்பல் நிறக் கண்ணாடி இருக்கிறது. எல்லா வர்ணங்களையும் சமமாகப் பாதியாக்கும். வித்தியாசக் கணக்கு மாறாது. கசிவும் பாதியாவதால், இரவுக் காட்சியில் கறுப்பு நிஜக் கறுப்பாக இறங்கும். விளக்குப் போட்டுக்கொண்டு பார்க்கிற வீட்டுக்கு இதனால் பிரயோஜனமில்லை. புதிய விளக்குக்கு மாட்டி வைத்தால், விளக்கு வயதாகிப் பாதி மங்கும் சமயத்தில் பில்டரைக் கழற்றிவிடலாம். பழைய வெளிச்சம் திரும்பக் கிடைக்கும். சிக்கனமான குடும்பத்துக்கு ஏற்ற யோசனை அல்லவா?

காமிராக்காரர்கள் வானத்தை நீலமாக்கப் போடுகிற 'போலரைஸர்' கண்ணாடியை மட்டும் அவர்கள் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்.சி.டி. மெஷின்கள் பலவற்றில் பச்சை ஒளி ஒரு வாக்கிலும், மற்ற இரண்டும் இன்னொரு வாக்கிலும் வருகின்றன. போலரைஸரைச் சற்றுத் திருப்பினால் படம் பச்சையாகும். இன்னும் திருப்பினால் கத்திரிப்பூ நிறமாகும். லேஸர், எல்.இ.டி. புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கு விளக்கில் பாதரசமே கிடையாது. அவர்கள் வர்ணக் கண்ணாடிக்குச் செலவழிக்க வேண்டாம். கண் கூசினால் சாம்பல் கண்ணாடி ஒன்று போதும்.