மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை

திருப்பதியை அடுத்த கரகம்பாடி என்றாலே அமரராஜா நிறுவனம் நினைவுக்கு வரும். கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கியது. 'அமரான்' பேட்டரியின் தாய்வீடு. கார் பேட்டரியின் ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ச்சினால்தான் ஒன்று ஈய டைஆக்சைடாகவும் மற்றது பஞ்சு போன்ற ஈயமாகவும் மாறும். அந்த மின்சாரம் ஒரே திசையில் ஓட வேண்டும். கம்பியில் வரும் ஏ.சி. மின்சாரமோ நொடிக்கு 100 முறை திசை மாறும்; முதலில் ஏற்றியதை அடுத்த கணமே இறக்கிவிடும்.

அதை ஒரே திசையில் ஓடும் டி.சி.யாக்குவதுதான் ரெக்டிஃபயர். பாடநூல்கள் அலைதிருத்தி என்கின்றன.

இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சிலிக்கான் டயோடு. ஒரு திசையில் மின்சாரத்தை விடும், மறு திசையில் தடுக்கும். ஒரே டயோடு என்றால் பாதி அலை வீணாகும். நான்கைப் பாலம்போல இணைத்தால் இரு பாதியும் பயன்படும். செல்போன் சார்ஜருக்குள்ளும் இதே ஏற்பாடுதான். சில படிகங்களுக்கு இந்த ஒருவழிக் குணம் உண்டு என்று ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரவுன் 1874-இலேயே கண்டார். கலீனா படிகத்தால் ரேடியோ அலையை உணரும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டா ரயில் ஜங்ஷனில் டயோடு ரெக்டிஃபயரின் பெரிய வடிவம் ஓடுகிறது. மேல்கம்பியில் வருவது 25,000 வோல்ட் ஏ.சி. டபிள்யூ.ஏ.பி-4 ரயில் எஞ்சினின் ஆறு மோட்டார்களும் டி.சி.யில் ஓடுபவை. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்க, ஓட்டுநர்கள் 'ஆர்.எஸ்.ஐ.' என்று சொல்லும் இரண்டு சிலிக்கான் ரெக்டிஃபயர் பெட்டிகள் தலா மூன்று மோட்டார்களுக்கு டி.சி. தருகின்றன. ஒன்று பழுதானால் அதை மட்டும் துண்டித்துவிட்டு, மீதி மூன்று மோட்டாரில் வண்டியை நகர்த்தலாம்.

  

வாசகர்களுக்கு மிக நெருக்கமான ரெக்டிஃபயர் பைக்கில் இருக்கிறது, மெக்கானிக்குகள் 'ஆர்.ஆர். யூனிட்' என்பார்கள். எஞ்சின் காயில் தரும் ஏ.சி.யை டி.சி.யாக்கி, வோல்ட்டையும் கட்டுக்குள் வைப்பது இதன் வேலை. இது கெட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. அல்லது அளவுக்கு மீறி ஏறி பேட்டரியே வீணாகும். ஆகவே பைக் பேட்டரி அடிக்கடி செயலிழந்தால், புதியது வாங்கும் முன் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். மிகக் குறைந்தாலோ, 15-ஐத் தாண்டினாலோ முதலில் ஆர்.ஆர். யூனிட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.