நாரா நகரில் ஒரு நாள்



இன்றைய பேச்சில் உங்களை ஜப்பான் நாட்டுக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். கடப்பிதழும் வேண்டாம், பயணச்சீட்டும் வேண்டாம். காதைக் கொடுத்தால் போதும்.

ஜப்பான் என்றதும் நம் தோட்டப்புறக் குடும்பங்களில் முதலில் எழும் நினைவு வேறு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் படை மலாயாவை ஆண்டது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட, நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. அதை மறந்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால், ஒரு நாட்டை அதன் படையை மட்டும் வைத்து அறிந்தால் அந்த அறிவு பாதிதான். மீதியை அறிய வேண்டுமானால், அந்நாட்டு மக்கள் எதைக் கட்டினார்கள், எதைக் காத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற ஊர் நாரா.

ஓசாக்கா நகரிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நாராவை அடைந்துவிடலாம். 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரம் இதுதான். கோயில், பூங்கா, காடு, காட்டு விலங்கு ஆகிய நான்கையும் ஒரே நாளில், நடந்தே பார்க்கக்கூடிய ஊர். நிலையத்திலிருந்து கிழக்கு நோக்கி நடந்தால், கொஃபுகுஜி கோயிலின் ஐந்தடுக்கு மரக் கோபுரம் வரும். உயரம் 50 மீட்டர். பலமுறை எரிந்து, கடைசியாக 1426ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. இப்போது பெரும் திருப்பணி நடப்பதால் அதைச் சுற்றிச் சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள். ஏமாற்றம் வேண்டாம். எதையும் பழுது பார்க்காமல் விட்டால் அது நிற்காது என்பதுதான் இந்த ஊர் நமக்குச் சொல்லும் முதல் பாடம்.

இன்னும் சில அடிகள் வைத்தால் மான்கள் நம்மை எதிர்கொள்கின்றன. வேலியும் இல்லை, கூண்டும் இல்லை. புல்வெளியிலும் சாலை ஓரத்திலும் கோயில் வாசலிலும் தம் விருப்பப்படி திரிகின்றன. இவை யாரும் வளர்ப்பவை அல்ல, காட்டு மான்கள். கசுகா ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி இவ்வூருக்கு வந்தது என்பது அவ்வூர் மரபு. முருகனுக்கு மயில் போல, அத்தெய்வத்துக்கு மான். அதனால் பல நூற்றாண்டுகளாக ஊர் மக்கள் அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சுட்ட, சர்க்கரை இல்லாத அப்பளம் போன்ற ஒரு தின்பண்டத்தை வழியில் விற்கிறார்கள். அதைக் கையில் எடுத்தால் சில மான்கள் தலையைக் குனிந்து வணங்குவதுபோல் ஆட்டும். நாமும் குனிந்தால் திரும்பவும் குனியும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டந்தான். ஆனால் காட்டிவிட்டுக் கொடுக்காமல் விளையாட்டுக் காட்டினால், சட்டையைக் கடித்து இழுக்கும்!

இந்த மான்களும் ஒருமுறை அழியும் நிலைக்கு வந்தன. போர்க்காலத்தில் ஜப்பானிலும் கடும் உணவுப் பஞ்சம். 1945ஆம் ஆண்டு எண்ணியபோது எஞ்சியிருந்தவை 79 மட்டுமே. போர் முடிந்தபின் ஊர் மக்கள் மீண்டும் காவல் காத்தார்கள். 1957ஆம் ஆண்டு அரசு அவற்றை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. இன்று 1,300க்கு மேல் இருக்கின்றன. ஆண் மானின் கொம்பு கூர்மையாகி மக்களுக்கு ஆபத்து நேராதிருக்க, இலையுதிர் காலத்தில் அதை அறுத்துவிடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் இது. நம் நகத்தைப் போல முற்றிய கொம்புக்கும் உணர்ச்சி இல்லை. மறு ஆண்டு புதுக்கொம்பு முளைத்துவிடும்.

இங்கே இன்னொரு வேலையாள் கூட்டமும் உண்டு. மான்கள் புல்லை மேய்கின்றன. அதனால் புல்வெளி சீராக இருக்கிறது. அத்தனை மான்களின் சாணத்தையும் யார் வாருகிறார்கள்? சாண வண்டுகள்தாம். அவை சாணத்தைத் தின்று மண்ணுக்கே உரமாக்குகின்றன. புல், மான், வண்டு, மண் என்று ஒன்றையொன்று தாங்கும் சங்கிலி இது. அதை அறுப்பது எது தெரியுமா? நம் கையிலிருந்து விழும் பிளாஸ்டிக் பை. உணவு வாசனை ஒட்டிய பையை மான் விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேறாது. 2019ஆம் ஆண்டு இறந்த மான்களில் பலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் திரள் திரளாக இருந்தது. நம் தோட்டத்து மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மான்களைக் கடந்தால் தோடாய்ஜி என்னும் பெருங்கோயிலின் தெற்கு வாசல். இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள இரண்டு மரத் துவாரபாலகர்கள். உன்கெய், கைகெய் என்னும் சிற்பிகள் தம் குழுவினரோடு 1203ஆம் ஆண்டு 69 நாளில் செய்து முடித்தவை. பல மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வேலை. ஒருவர் வாய் திறந்திருக்கிறார், மற்றவர் மூடியிருக்கிறார். திறந்த வாய் 'அ' என்ற ஒலியையும், மூடிய வாய் 'ஹூம்' என்ற ஒலியையும் குறிக்கின்றன. எல்லாவற்றின் தொடக்கமும் முடிவும் என்பது பொருள். இந்தியாவில் பிறந்து, புத்த சமயத்தோடு கடல் கடந்து போன ஒலிகள் அவை.

உள்ளே போகிறோம். மர மண்டபத்தின் அகலமே 57 மீட்டர். நடுவில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். மறுநடவுக்குக் காத்திருக்கும் முதிர்ந்த செம்பனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அந்த உயரம். காது ஒன்றே இரண்டரை மீட்டர்.

இவ்வளவு பெரிய உருவத்தை எப்படி வார்த்தார்கள்? முதலில் களிமண்ணால் முழு உருவமும் செய்தார்கள். அதன்மேல் மண் அச்சு எடுத்தார்கள். பிறகு உள்ளிருந்த களிமண் உருவத்தைச் சற்றுச் செதுக்கி, அச்சுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி உண்டாக்கி, உருக்கிய வெண்கலத்தை ஊற்றினார்கள். ஒரே தடவையில் அல்ல. அடியிலிருந்து மேலே எட்டு அடுக்காக. ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் சுற்றிலும் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் உலை வைத்து அடுத்த அடுக்கை ஊற்றினார்கள். 747இல் தொடங்கி 749இல் முடிந்தது. பின்னர் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பால் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். அந்த ஆவி கொடிய நஞ்சு. வெளிக்காட்டில் மருந்து அடிக்கும் நம் உறவுகளுக்கு, வேலையோடு நஞ்சும் வருவது என்னவென்று தெரியும்.

இச்சிலையை அமைக்கச் சொன்னவர் பேரரசர் ஷோமு. நாட்டில் பெரியம்மை பரவிப் பலர் மாண்ட காலம் அது. 743ஆம் ஆண்டு அவர் விடுத்த ஆணையில் ஒரு செய்தி இருக்கிறது. செல்வமும் அதிகாரமும் தம்மிடம் இருந்தாலும், ஒரு புல்லும் ஒரு பிடி மண்ணும் கொண்டு வந்து உதவ விரும்பும் எளியவரையும் தடுக்காமல் ஏற்க வேண்டும் என்பதே அது. கட்டாய வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாலமும் குளமும் வெட்டி மக்களிடம் பெயரெடுத்த கியோகி என்னும் துறவி ஊர் ஊராகச் சென்று கேட்டபோது, மனமுவந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

752ஆம் ஆண்டு சிலைக்குக் கண் திறக்கும் விழா. நம் கோயில்களிலும் சிற்பி கடைசியாகக் கண் திறப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே தூரிகை பிடித்துக் கண்ணை எழுதியவர் யார்? போதிசேனர் என்ற இந்தியத் துறவி! அவர் தென்னிந்தியாவில் பிறந்தவர் என்று ஜப்பானியக் குறிப்புகள் கூறுகின்றன. சீனாவுக்குச் சென்று, அங்கிருந்து ஜப்பானியத் தூதர்களின் அழைப்பை ஏற்று 736இல் வந்தவர். 760இல் அந்நாட்டிலேயே மறைந்தார். அவருடைய தூரிகையோடு நீண்ட கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தாமும் சேர்ந்து கண் திறந்ததாக ஒவ்வொருவரும் உணர்வதற்காக அந்த ஏற்பாடு. அத்தூரிகையும் கயிறும் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஷோசோயின் என்னும் கருவூலத்தைச் சேர்ந்த பொருள்களாக இன்றும் காக்கப்படுகின்றன.

கட்டியதோடு கதை முடிந்துவிடவில்லை. 1180இல் நடந்த போரில் மண்டபம் எரிந்தது. சோகென் என்ற துறவி தம் 61ஆம் வயதில் திருப்பணிப் பொறுப்பை ஏற்று நாடெங்கும் நிதி திரட்டினார். 1185இல் மறுபடி கண் திறந்தபோது பயன்பட்டது போதிசேனர் பிடித்த அதே தூரிகைதான். 1567இல் மற்றொரு போர், மீண்டும் தீ. புத்தரின் தலையும் சேதமுற்றது. பல்லாண்டுக் காலம் சிலை வெயிலிலும் மழையிலும் கூரையின்றி இருந்தது. கோகெய் என்ற துறவி 1684இல் மக்களிடம் நன்கொடை கேட்டுப் புறப்பட்டார். 1692இல் சிலை சீரானது. 1705இல் அவர் இறந்தார். மண்டபம் முடிந்தது 1709இல்! தாம் தொடங்கியதன் முடிவை அவர் பார்க்கவில்லை. அப்போது பெருமரங்கள் கிடைக்கவில்லை. ஆகவே மண்டபத்தின் அகலத்தைக் குறைத்தார்கள். சிறிய மரங்களைச் சேர்த்து, இரும்புப் பட்டையால் இறுக்கித் தூண்களாக்கினார்கள். இன்று நாம் காணும் புத்தரின் தாமரை இதழ்களில் முதற்காலத்து வெண்கலம் இருக்கிறது. தலையோ 17ஆம் நூற்றாண்டு வேலை. ஒரே உருவத்தில் ஆயிரமாண்டுக் கைகள்! ஒரு தூணின் அடியில் சதுரத் துளை உண்டு. அதில் நுழைந்து வெளிவந்தால் நன்மை என்பது நம்பிக்கை. மெலிந்த பிள்ளைகள் எளிதில் நுழைந்துவிடுவார்கள். பெரியவர்கள் யோசித்து நுழைவது நல்லது.

கோயிலின் அருகே இசுயென் என்னும் பூங்கா. முன் பகுதி 17ஆம் நூற்றாண்டினது. பின் பகுதி 1899இல் ஒரு வணிகர் அமைத்தது. குளத்தைக் கடக்கப் படிக்கற்கள் வைத்திருக்கிறார்கள்; அவை பழைய அரைகற்கள். உழைத்து ஓய்ந்த கல்லுக்கும் அங்கே இடம் உண்டு. பூங்காவில் நின்று நிமிர்ந்தால், குளத்துக்கும் மரங்களுக்கும் மேலே தோடாய்ஜி வாசலின் கூரையும், அதற்கப்பால் பச்சை மலையும் தெரியும். அவை பூங்காவைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் பூங்காவின் பகுதியாகவே தோன்றும்படி மரங்களை வெட்டி ஒழுங்கு செய்திருக்கிறார்கள். இதை 'இரவல் காட்சி' என்பார்கள். சிறிய நிலம் உடையவர்களும் மலையைத் தம் தோட்டத்துக்குள் கொண்டுவரும் வித்தை! முன்னே ஒரு மரம் மிஞ்சி வளர்ந்தாலும் மலை மறைந்துவிடும். ஆகவே கத்தரிக்கோல் ஓய்வதில்லை.

கடைசியாகக் கசுகா ஆலயம். 768இல் அமைந்தது. வழியெங்கும் பாசி படர்ந்த கல் விளக்குகள், கூரையோரம் தொங்கும் வெண்கல விளக்குகள், ஆக ஏறக்குறைய 3,000. எல்லாம் மக்கள் நேர்ந்துகொண்டு கொடுத்தவை. நம்மிடம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் போல, இங்கே இருபது ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி. நம் பாலாலயம் போலவே தெய்வத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு வேலை தொடங்குவார்கள். அறுபதாவது திருப்பணி 2016இல் நிறைவேறியது. இருபது ஆண்டு என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இளைஞனாகக் கூரை வேய்ந்தவன், அடுத்த முறை தலைமைத் தச்சனாக நின்று தன் மகன் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கட்டடத்தோடு கைத்தொழிலும் காப்பாற்றப்படுகிறது.

ஆலயத்துக்குப் பின்னே கசுகா மலைக்காடு. 841ஆம் ஆண்டு முதல் அங்கே வேட்டையாடவும் மரம் வெட்டவும் தடை. ஊரை ஒட்டியே ஆயிரமாண்டுக் காடு நிற்பது அதனால்தான். இப்போது மான்கள் பெருகி இளங்கன்றுகளைத் தின்பதால், சில இடங்களில் வேலியிட்டு நாற்றுகளைக் காக்கிறார்கள். காப்பது என்றால் ஒருமுறை சட்டம் போடுவதோடு தீர்ந்துவிடாது. ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

நேயர்களே, பழைமை தானாக நிற்பதில்லை. யாரோ தாங்கிப் பிடிப்பதால் நிற்கிறது. அந்த யாரோ, பெரும்பாலும் பெயர் தெரியாத உழைப்பாளிகள். தோட்டங்கள் கைமாறும்போது நம் கோயிலும் பள்ளியும் இடம் மாறுவதைக் கண்டிருக்கிறோம். நம் கோயிலை யார் யார் எந்த ஆண்டில் கட்டினார்கள்? எவர் மரம் சுமந்தார், எவர் ஒரு நாள் சம்பளம் கொடுத்தார்? தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சயாமுக்குப் போய் வராதவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நோட்டை அடுத்த தலைமுறையிடம் கொடுங்கள். ஒரு புல்லும் ஒரு பிடி மண்ணும் கொண்டு வந்தவர்களை நாமாவது பெயர் சொல்லி நினைப்போம்.