மலைகளுக்கு நடுவே மழை குறைந்த ஊர்

மலேசியாவில் எங்கும் மழைக்குப் பஞ்சமில்லை என்றே நினைத்திருந்தேன். நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெறும் வட்டாரம் நெகிரி செம்பிலானின் ஜெலுபு என்று புவியியல் பாடத்தில் படித்தபோது வியந்தேன். அங்குள்ள கோலா கிளாவாங்தான் என் பாட்டியின் ஊர்.

சிரம்பானிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். புக்கிட் தங்கா வளைவுகளில் பேருந்து ஏறும்போதே காரணம் கண்ணில் படும்: மலைகள். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும் காற்று சூடாகி வறண்டுவிடுகிறது. இதுதான் மழை மறைவுப் பகுதி. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவக்காற்றையும் மலைகள் தடுப்பதால் ஜெலுபுவுக்கு மிச்சமே கிடைக்கிறது.

தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை; ஜெலுபுவில் ஏறக்குறைய 1,600. ஆனால் லண்டனுக்குச் சுமார் 600தான்! நம் நாட்டின் ‘வறண்ட’ ஊர்கூட லண்டனைவிட இரு மடங்குக்கு மேல் நனைகிறது.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர்.

“காலையில மழை பேஞ்சா வேலை இல்ல, சம்பளமும் இல்ல கண்ணு. மழை குறைஞ்சதாலதான் உங்கப்பாவைப் படிக்க வைச்சேன்” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா கெணறு வத்துனா தண்ணிக்கு நடந்த நடை இருக்கே...” என்றார்.

அந்த 1,600-ஐ வெறும் எண்ணாக என்னால் இப்போது படிக்க முடிவதில்லை. உங்கள் ஊர் மழையைப் பற்றியும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.