மணியடிக்க யாரிடம் அனுமதி?

சென்ற வாரம் நியூயார்க்கின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 1911-ல் தீயில் சிக்கி 146 பேர் இறந்ததைப் பார்த்தோம். அங்கே கதவைப் பூட்டி வைத்தது முதலாளிகளின் பேராசை. இந்த வாரம் பார்க்கப்போகும் இடத்தில் அக்கறைக்குக் குறைவே இல்லை. அங்கேயும் 95 உயிர்கள் போயின.

சிகாகோவின் மேற்குப் பகுதியில் இருந்தது ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ பள்ளி. கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் பள்ளி அது. பெரும்பாலும் கன்னியாஸ்திரிகளே பாடம் நடத்தினார்கள். சுமார் 1,600 பிள்ளைகள். ஒரே வகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை உட்காரவைத்திருந்தார்கள்.

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. பள்ளி விடும் நேரம் மூன்று மணி. அதற்குச் சற்று முன்பு, வடக்குக் கட்டடத்தின் அடித்தளத்தில், படிக்கட்டின் காலடியில் இருந்த அட்டைக் குப்பைப் பீப்பாயில் தீப்பிடித்தது. யார் கண்ணிலும் படாமல் கனன்றுகொண்டிருந்த தீ, ஜன்னல் கண்ணாடி வெடித்துக் காற்று புகுந்ததும் மரப் படிக்கட்டில் ஏறியது. கீழ்த்தளத்தில் தீத்தடுப்புக் கதவு மூடியிருந்தது. மாடியில் அப்படியொரு கதவே கிடையாது. தீயும் புகையும் கீழ்த்தளத்தை விட்டுவிட்டு நேரே மாடி நடைபாதைக்குப் போயின. அங்கே 329 பிள்ளைகளும் ஐந்து கன்னியாஸ்திரிகளும் வகுப்பறைகளில் இருந்தார்கள்.

புகையை முதலில் கவனித்தவர்களில் இரண்டு ஆசிரியைகள் உண்டு. துறவிகள் அல்ல, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். அவர்கள் உடனே மணியை அடிக்கவில்லை, அடிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கன்னியாஸ்திரிகளின் தலைவியான மதர் சுப்பீரியர் சொன்னால்தான் அபாய மணி ஒலிக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. அலுவலகத்துக்கு ஓடிப் பார்த்தால் அவர் இல்லை. விடுப்பில் இருந்த ஒருவருக்குப் பதிலாக வேறொரு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இனிக் காத்திருக்க முடியாது என்று இருவரும் தங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார்கள். போகிற வழியில் மணியின் விசையை இழுத்தபோது அது ஒலிக்கவில்லை. பிள்ளைகளைக் கோயிலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து இழுத்தபோதுதான் ஒலித்தது. அதுவும் பள்ளிக்குள் மட்டும் கேட்கிற மணி. தீயணைப்பு நிலையத்துக்கு அதிலிருந்து எந்தத் தொடர்பும் இல்லை.

அந்த ஆசிரியைகளை நான் குறை சொல்ல மாட்டேன். விதியை மீறத் துணிந்ததால்தான் அவர்களுடைய பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் நல்ல மனம் படைத்தவர்கள் அந்த நிமிடங்களில் ஒருவரைத் தேடி ஓட வேண்டியிருந்ததே, அந்த விதியை எழுதிய கையை என்னால் மன்னிக்க முடியவில்லை. பணிவு ஒரு மடத்துக்கு அழகாக இருக்கலாம். அபாய மணிக்கு அது ஆகாது.

தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்ட முகவரி பாதிரியார் இல்லத்துடையது. முதல் வண்டி அங்கே போய் நின்றது. பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது முற்றத்து இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அதை உடைத்துத்தான் ஏணியைக் கொண்டுபோனார்கள். அதற்குள் பிள்ளைகள் குதிக்கத் தொடங்கியிருந்தார்கள். தரையிலிருந்து ஜன்னல் சுமார் 25 அடி உயரம். அறைக்குள்ளே ஜன்னலின் அடிப்பகுதியே மூன்றடிக்கு மேல். சின்னப் பிள்ளைகளால் அதில் ஏறவே முடியவில்லை.

ஓர் அறையை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 209-ஆம் எண் வகுப்பு. அங்கிருந்த சிஸ்டர் டேவிடிஸ், கதவிடுக்குகளில் புத்தகங்களைத் திணித்து அடைக்கச் சொன்னார். கைக்குக் கிடைத்த பாடப்புத்தகங்கள்தான். அது புகையைச் சற்று நேரம் தடுத்தது; அந்த வகுப்பில் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். மற்ற அறைகளில் 92 பிள்ளைகளில் மிகப் பலரும், அவர்களை விட்டுப் போகாத மூன்று கன்னியாஸ்திரிகளும் மாண்டார்கள்.

தீயை வைத்தது யார், எப்படி என்பது அதிகாரபூர்வமாக முடிவாகவே இல்லை. ஆனால் இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்பதில் மர்மம் எதுவும் கிடையாது. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கட்டடம் தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது! சிகாகோவின் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் புதுக் கட்டடங்களுக்கு மட்டும்தான் கறாராக இருந்தது. பழையவற்றுக்கு விலக்கு. தானாக நீர் தெளிக்கும் கருவி இல்லாததும், மாடியில் தீக்கதவு இல்லாததும் சட்டப்படி குற்றமே இல்லை.

அந்த விலக்குதான் பிறகு உடைந்தது. பழைய பள்ளிகளிலும் நீர்தெளிப்பானும் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்த மணியும் வேண்டும் என்று சிகாகோ சட்டத்தை மாற்றியது. ஓராண்டுக்குள் அமெரிக்கா முழுவதும் சுமார் 16,500 பழைய பள்ளிக் கட்டடங்கள் சீரமைக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். 1960-ல் அதே இடத்தில் எழுந்த புதிய பள்ளியில் நீர்தெளிப்பான்கள் இருந்தன.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். அதைத் தொடர்ந்து போடப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடக்கம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கான்வென்ட், மதரஸா, மடத்துப் பள்ளி, அரசுப் பள்ளி என்று உங்கள் பிள்ளை எங்கே படித்தாலும், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: புகையைப் பார்த்தால் மணியை யார் அடிக்கலாம்? “யார் வேண்டுமானாலும்” என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், அதை மாற்றும்வரை விடாதீர்கள்.

(தொடரும்)