ஆர்ப்பிங்டன் கோழியும் அழகுப் போட்டியும்

கோழி என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவன இரண்டே. ஒன்று முட்டை, மற்றொன்று குழம்பு. கோழியைக் குளிப்பாட்டி, துவட்டி, கூண்டில் நிறுத்தி, அதன் அழகை மதிப்பிட்டுப் பரிசு வழங்கும் வழக்கமும் உலகில் உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆனால், விலங்கியல் பயிலும் மாணவனாகிய எனக்கு, அக்கூண்டில் நிற்பது நாம் வகுப்பில் படிக்கும் மரபியல் பாடமாகவே தோன்றுகிறது. இங்கிலாந்து நாட்டின் ஆர்ப்பிங்டன் என்னும் கோழியினம் பிறந்த வரலாற்றையும், அதனை வளர்த்துக் கண்காட்சிக்கு அனுப்பும் முறையையும், அதிலிருந்து நாம் பெறக்கூடிய ஒரு பாடத்தையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

கண்காட்சியின் தோற்றம்

உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளின் முதன்மையான மூதாதை, தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே ஆகும். சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விளக்கினார். கோழிகளைப் பற்றிய செய்திகளை அவருக்குத் திரட்டித் தந்தவர்களுள் ஒருவர் வில்லியம் டெகட்மையர். இவரே 1865-இல், கண்காட்சிக் கோழிகளுக்கான இலக்கணத்தைத் தொகுத்தவரும் ஆவார். இன்ன இனத்துக்கு இன்ன கொண்டை, இன்ன நிறம், இன்ன உடலமைப்பு என வரையறுத்துக் கூறுவதே அந்த இலக்கணம்.

அந்நாட்டில் சேவற்சண்டை 1835, 1849 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் தடைசெய்யப்பட்டது. 1845-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கோழி வளர்ப்போரின் ஆர்வம் சண்டைக் களத்திலிருந்து கண்காட்சிக் கூடத்தின் பக்கம் மெல்லத் திரும்பியது. 1877-இல் கோழி வளர்ப்போர் சங்கமும் அங்கு நிறுவப்பட்டது.

வண்டியோட்டியின் கோழி

ஆர்ப்பிங்டன் என்பது அக்காலத்தில் லண்டனை அடுத்த கென்ட் பகுதியில் இருந்த ஊர். அங்கு வாழ்ந்தவர் வில்லியம் குக்; குதிரை வண்டி ஓட்டும் தொழில் செய்தவர். முட்டையும் தர வேண்டும், இறைச்சியும் தர வேண்டும், பார்ப்பதற்கும் எடுப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் நாடிய கோழியின் இலக்கணம். இதற்கென மூன்று இனங்களை அவர் தேர்ந்தெடுத்தார். மத்தியதரைக் கடற்பகுதியின் மினார்க்கா மிகுதியாக முட்டையிடுவது. அமெரிக்காவின் பிளிமத் ராக் சதைப்பற்றுள்ளது. சீனாவின் லாங்ஷான் பெரிய உடலுடையது. மினார்க்காச் சேவலைக் கறுப்புப் பிளிமத் ராக் பெட்டையுடன் சேர்த்து, அதில் பிறந்த பெட்டைகளை லாங்ஷான் சேவலுடன் சேர்த்து, 1886-இல் கறுப்பு ஆர்ப்பிங்டனை உலகுக்கு அளித்தார்.

கறுப்பு நிறத்தைத் தேர்ந்தமைக்கும் ஒரு காரணம் கூறுவர். நிலக்கரிப் புகை சூழ்ந்த லண்டன் நகரில் கோழியின் மீது படியும் கரி, கறுப்பு இறகில் தெரியாதன்றோ!

பின்னர் 1889-இல் வெள்ளை நிறத்தையும், 1894-இல் பஃப் எனப்படும் பொன்மஞ்சள் நிறத்தையும் குக் வெளியிட்டார். விக்டோரியா அரசியாரின் வைரவிழா நடைபெற்ற 1897-இல், புள்ளிகள் நிறைந்த ஒரு வகைக்கு ஜூபிலி ஆர்ப்பிங்டன் என்று பெயர் சூட்டினார். பொன்மஞ்சள் வகை தங்கள் ஊர்க் கோழியே என்று லிங்கன்ஷயர் பகுதியினர் வழக்காடியதும் உண்டு. எனினும் இன்று ஆர்ப்பிங்டன் என்றவுடன் பலர் மனக்கண்ணில் தோன்றுவது அந்தப் பொன்மஞ்சள் கோழியே.

வளர்க்கும் முறை

முட்டை பொரிக்க எல்லாக் கோழிகளுக்கும் போல 21 நாட்களே ஆகும். தாயின்றி வளர்க்கும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுத் தீவனத்தில் 18 முதல் 20 விழுக்காடு புரதம் இருத்தல் நலம்.

இவ்வினம் மெதுவாகவே முதிரும். ஆறேழு மாதங்களில் முட்டையிடத் தொடங்கினாலும், உடல் நிறைந்து பொலிவதற்கு மேலும் பல மாதங்கள் ஆகும். வளர்ந்த சேவல் நாலரைக் கிலோவும், பெட்டை மூன்றரைக் கிலோவும் எட்டக்கூடும். ஆதலின் இரவில் அடையும் கட்டையைத் தாழ்வாகவே அமைப்பர். உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டுச் சீழ் பிடிக்கும். அடர்ந்த இறகு குளிருக்குப் போர்வையாகும். கோடையிலோ அதுவே சுமையாகும். நிழலும் குளிர்ந்த நீரும் எந்நேரமும் வேண்டும். இறகின் அடர்த்தியால் இனச்சேர்க்கை தடைப்படுவதும் உண்டு. அதனால் இனவிருத்திக்கு வைத்த பறவைகளின் பின்புறத்தில், எச்சத் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்து விடுவர்.

கண்காட்சிக்கு ஆயத்தம்

கண்காட்சிக்குத் தேர்ந்த கோழியைச் சில வாரங்களுக்கு முன்பே தனிக் கூண்டில் வைத்துப் பழக்குவர். நாள்தோறும் கையில் எடுத்து, சிறு குச்சியால் மென்மையாகத் தொட்டு நிற்கச் செய்வர். நடுவரைக் கண்டு மிரண்டு மூலையில் ஒடுங்கும் கோழி எவ்வளவு அழகானதாயினும் அதன் வடிவம் புலப்படாது. வெள்ளை, பொன்மஞ்சள் நிறக் கோழிகளைக் கடும் வெயிலில் விடமாட்டார்கள். விட்டால் நிறம் மங்கிவிடும்.

போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் குளிப்பாட்டுதல் நடைபெறும். மூன்று தொட்டிகளில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, முதல் தொட்டியில் சோப்பு நுரையிட்டு இறகின் போக்கிலேயே கழுவுவர். அடுத்த இரண்டிலும் அலசுவர். பின்பு வெப்பமான அறையில் உலர்த்துவர். இறகிலுள்ள இயற்கையான எண்ணெய் மீண்டும் பரவி மினுமினுப்புப் பெறவே இந்த நாள் இடைவெளி. கால் செதில்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, கொண்டையில் சிறிது வாசலின் தடவினால் கோழி புறப்பட ஆயத்தமாகிவிடும்.

நடுவர் முதலில் நோக்குவது நிறத்தை அன்று, வடிவத்தையே. அகன்று தாழ்ந்த உடல், குறுகிய வளைந்த முதுகு, இறகில் பாதி மறைந்த குட்டைக் கால், சிவந்த காதுமடல், நிமிர்ந்த சிறு கொண்டை ஆகியவை வேண்டும். கறுப்பு வகையாயின் பொன்வண்டின் பச்சை போன்ற மினுக்கம் வேண்டும்; ஊதா படர்ந்தால் குறை. காலில் இறகு முளைத்திருத்தல், காதுமடலில் வெண்மை, ஐந்தாவது விரல், மஞ்சள் கால் ஆகியவை பெருங்குறைகள்.

இக்குறைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வியப்பு மேலிடும். காலில் முளைக்கும் இறகு லாங்ஷான் இனத்தின் நினைவு. காதுமடலின் வெண்மை மினார்க்காவின் சொத்து. பொன்மஞ்சள் வகையில் குக் சேர்த்த டார்க்கிங் இனத்துக்கு விரல்கள் ஐந்து. மஞ்சள் கால் பிளிமத் ராக் இனத்தின் இயல்பு. அது ஒடுங்கு பண்பாகையால் தலைமுறை கடந்தும் மறைந்திருந்து வெளிப்படக்கூடியது. இந்த மஞ்சள் தோலுக்கான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வளர்ப்புக் கோழிகளுக்கு வந்தது என 2008-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. இங்கிலாந்தின் பரிசுக் கூடத்தில் ஒரு கோழி தோற்பதற்கு நம் மலைக்காட்டுப் பறவையும் ஒரு காரணமாகலாம் என்பது சுவையான செய்தியன்றோ!

நீல நிற ஆர்ப்பிங்டன் மற்றொரு பாடம். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் குஞ்சுகளில் பாதியே நீலமாக இருக்கும். கால் பங்கு கறுப்பு. கால் பங்கு வெளிறிய புள்ளி நிறம். முழுமையற்ற ஓங்குதன்மை என்று நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்வது இதுவே.

ஒரு வேர், இரு கிளைகள்

குக்கின் கோழி பிறந்த சில ஆண்டுகளிலேயே, ஜோசப் பார்ட்டிங்டன் என்பவர் கோச்சின் இரத்தம் கலந்த, மேலும் பருத்த, மேலும் இறகடர்ந்த ஆர்ப்பிங்டனைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். காண்போர் மயங்கினர், பரிசுகளும் அவ்வடிவத்தையே நாடிச் சென்றன. பரிசு பெற்றவற்றின் முட்டைகளையே பலரும் விரும்பி வாங்கியதால் இங்கிலாந்தின் கோழி ஆண்டுக்கு ஆண்டு உருண்டு திரண்டது, முட்டையோ குறைந்தது.

அதே கறுப்பு ஆர்ப்பிங்டன் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. அங்குள்ளோர் இறகை நோக்கவில்லை, முட்டையை எண்ணினர். மிகுதியாக இட்டவற்றையே பெற்றோராக வைத்தனர். 1922-23 ஆம் ஆண்டில் அங்கு நடந்த முட்டைப் போட்டியில் ஆறு பெட்டைகள் 365 நாட்களில் 1857 முட்டைகள் இட்டன. சராசரி 309.5 முட்டைகள்! அக்கோழியே ஆஸ்ட்ரலார்ப் எனப் பெயர் பெற்று நம் நாட்டுக்கும் வந்தது. வெள்ளை லெகார்ன் பெட்டையுடன் அதனைக் கலந்து உண்டாக்கிய ஆஸ்ட்ரோ-ஒயிட் கலப்பினமும் இங்கு வளர்க்கப்பட்டது.

மூதாதை ஒன்றே. மாறியது தேர்ந்தெடுத்தவர்களின் நோக்கம் மட்டுமே. அழகைக் கேட்டவர்க்கு அழகும், முட்டையைக் கேட்டவர்க்கு முட்டையும் கிடைத்தன.

நமக்குரிய பாடம்

எங்கள் வீட்டில் என் அப்பத்தாவும் ஒரு தேர்வாளராகவே இருந்தார். அடைக்கு வைக்கும் முட்டைகளைத் தவிட்டுக் கூடையில் தனியே சேர்ப்பார். எந்தப் பெட்டை பருந்தைக் கண்டு குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கியதோ, அதன் முட்டைக்கே முதலிடம். “முட்டை நாலு கொறஞ்சாலும் போகுது, குஞ்சு பொழைக்கணும்” என்பார். அடையிலிருக்கும் காலத்திலும் குஞ்சுகளைக் காக்கும் காலத்திலும் கோழி முட்டையிடாது. நாட்டுக்கோழி குறைவாக முட்டையிடுவதை அதன் குற்றமாகச் சிலர் கூறுவர். தாய்மையைக் கேட்டு வாங்கிய இல்லத்தரசிகளின் தேர்வு அது என்பதே என் கருத்து.

அப்பத்தா காலமான பின் அந்தக் கோழிகள் ஒவ்வொன்றாக விற்பனைக்கும் விருந்துக்கும் போயின. இப்போது நாங்கள் மிதிவண்டிக்காரரிடம் குஞ்சு வாங்கி வளர்க்கிறோம். நன்றாகத்தான் முட்டையிடுகின்றன, ஆனால் ஒன்றுகூட அடை உட்காருவதில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்கு அவரையே எதிர்பார்த்து நிற்கிறோம். கோழி இருக்கிறது, எதனைப் பெருக்குவது என்று முடிவு செய்யும் உரிமைதான் எங்கள் முற்றத்தைவிட்டுப் போய்விட்டது.

சிற்றூர்களிலிருந்து வந்து இக்கல்லூரியில் பயிலும் நண்பர்கள் பலர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வீட்டுக் கோழிகளைச் சற்று உற்று நோக்குங்கள். எது எத்தனை முட்டை இடுகிறது, எது அடைகாக்கிறது, எதன் குஞ்சுகள் பிழைக்கின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவற்றுள் சிறந்த சில பெட்டைகளையும், உறவில்லாத வேறு கூட்டத்துச் சேவல் ஒன்றையும் விற்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குதிரை வண்டி ஓட்டிய ஒருவர் ஓர் இனத்தையே உருவாக்கியிருக்க, மரபியல் படித்த நம்மால் நம் வீட்டு இனத்தைக் காப்பாற்றவேனும் இயலும்.